கடைசியாக வாயில் போனது

12.2.1963, செவ்வாய்.
இன்று ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்டில் நைனாவின் பல்லுக்கான பக்கத்தில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் 'வலி இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அவரைக் கேட்டு எழுதவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டபோது இல்லை என்றார். அதையே மற்ற நாள்களுக்கும் போட்டுவிட்டேன். இன்றைய கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாளை கேட்க வேண்டும்.

தர்மதாஸ் இதை எழுதி முடித்து, மை காய்வதற்காக நோட்டை விரித்தபடியே வைத்திருந்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றவர்களுக்காகச் செஞ்சி கடைத்தெருவில் நடந்த மாலை வகுப்பு அது. பகலெல்லாம் கூட்டுறவுப் பண்டகசாலையில் சர்க்கரையும் சீமெண்ணெயும் அளந்துவிட்டு ஆறரை மணிக்கு அவன் அங்கே வந்து உட்காருவான். தினம் ஒரு பக்கமாவது எழுதினால்தான் கையும் புத்தியும் ஓடும் என்று வாத்தியார் பாண்டுரங்கன் சொல்லியிருந்தார். மற்ற பையன்கள் இரண்டு நாள் எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். தர்மதாஸ் மட்டும் ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருந்தான். எழுதியதைத் திரும்பப் படிப்பான். சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகப்படுவான். சந்தேகத்தையும் ஓரத்தில் எழுதி வைப்பான்.

நோட்டின் நடுவில், தைத்த நூல் தெரிகிற இடத்தில், இரண்டு பக்கங்களுக்குக் கோடு போட்டு 'நைனா பல்' என்று தலைப்பு எழுதியிருந்தான். தேதி, காலை உப்புத் தண்ணீர், மாலை உப்புத் தண்ணீர், வலி என்று நான்கு கட்டம்.

நைனா என்று அவன் கூப்பிடும் அப்பா வாசுபூஜ்யன், சேத்துப்பட்டு ரோட்டில் இருந்த கௌஸ் பாஷாவின் ரைஸ்மில்லில் களத்து மேஸ்திரி. நெல்லை ஊறவைத்து, அவித்து, சிமெண்ட் களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். அது காய்ந்த பதம் தெரிந்து அரைவைக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. பதம் பார்க்கக் கருவி என்று ஒன்றும் கிடையாது. ஓரத்தில் நாலு நெல், நடுவில் நாலு நெல், அடியில் நாலு நெல். இடது கடைவாயில் வைத்து ஒரு கடி. பல்லில் நசுங்கினால் ஈரம். டக்கென்று இரண்டாகத் தெறித்தால் பதம். பொடிந்தால் காய்ச்சல் மிஞ்சிவிட்டது, அரைத்தால் எல்லாம் நொய்யாகப் போகும். வலது பக்கம் மேல்வரிசையில் இரண்டு பல் எப்போதோ போய்விட்டதால், இருபத்திரண்டு வருஷமாக அந்த மில்லின் அரிசி அவருடைய இடது கடைவாய்ப் பல்லைத் தாண்டித்தான் மூட்டைக்குப் போனது.

கார்த்திகையில் நெல்லோடு வந்த ஒரு கல் அந்தப் பல்லைப் பாதியாக உடைத்தது. பிடுங்கிவிடலாம் என்றார்கள். வாசுபூஜ்யன் சம்மதிக்கவில்லை. தை மாதம் மூன்று தடவை திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிப்போய், வேரை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் எஃகு நிறத்தில் ஒரு உறை, கேப், போட்டுக்கொண்டு வந்தார். மூன்று தடவையும் தர்மதாஸ் கூடப் போனான்.

கேப் போட்ட அன்று, பிப்ரவரி இரண்டாம் தேதி, பல் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னதை அவன் அந்த நடுப்பக்கத்தின் மேல் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டான்.

"இன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் மெல்ல வேணாம். சிமெண்டு நல்லாப் பிடிக்கட்டும். அப்புறம் மெல்லலாம். கொட்டப்பாக்கு, முறுக்கு, ஒட்டற மிட்டாய், எதுவும் கூடாது."

"நெல்லு கடிச்சிப் பாக்கற வேலைங்க எனக்கு" என்றார் வாசுபூஜ்யன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "விட முடியாதுன்னா மெதுவாக் கடிங்க. கேப்பு தாங்கும்." வாசுபூஜ்யன் எழுந்து வாய் கழுவ வெளியே போனார். டாக்டர் தர்மதாஸைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க. கேப்புக்கும் ஈறுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குது பாருங்க, அதுல மாவு தங்கவே கூடாது. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன, கடைசியா வாயில எது போச்சோ அதுக்கப்புறம், வெந்நீர்ல உப்பு போட்டு நல்லாக் கொப்புளிக்கணும். கேப்பு கெடறது கம்மி. அதுக்குக் கீழ இருக்கற பல்லுதான் கெடும். அது வெளியில தெரியாது."

தர்மதாஸ் எழுதினான்: 'இரவு படுக்கும் முன், கடைசியாக வாயில் போனதற்குப் பின்.'

பஸ்ஸில் திரும்பும்போது அதைப் படித்துப் பார்த்தவனுக்கு உறுத்தியது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் அடுப்பு எரியாது. ஊரார் நைனார் என்று அழைக்கும் சமணர் வீடுகளில் பலர் இப்போது தளர்த்திக்கொண்டுவிட்டார்கள். வாசுபூஜ்யன் தளர்த்தவில்லை. தர்மதாஸுக்கு முன் பிறந்த பெண் குழந்தை அம்மை கண்டு இறந்த வருஷம், மேல்சித்தாமூர் கோயிலில் பகவான் முன்னால் நின்று, அந்திக்குப் பின் தண்ணீர்கூட வாயில் படாது என்று சொல்லிவிட்டு வந்தவர். இராத்திரி உப்புத் தண்ணீர் என்றால் கேப்பையே கழற்றி எறிந்துவிடுவார் என்று தர்மதாஸ் பயந்தான். வீட்டுக்கு வந்ததும் பென்சில் வரியை ஒரு கோடு போட்டு அடித்தான். பக்கத்தில் சிவப்பு மையில் 'மாலை 5.30, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதினான். அதற்குமேல் எதுவும் வாயில் போகப்போவதில்லையே, இரண்டும் ஒன்றுதானே என்று கணக்குப் போட்டான். கணக்கில் தோற்றவனுக்கு அன்று அது சரியான விடையாகத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலை உப்புத் தண்ணீருக்கும் மாலை உப்புத் தண்ணீருக்கும் அம்மா லீலாவதி சாட்சி. நைனாவை அவன் நேரில் பார்ப்பதே குறைவு. அவன் பண்டகசாலையிலிருந்து வரும்போது அவர் சாப்பிட்டுக் கை கழுவி மறுபடி களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அவன் வகுப்பு முடிந்து வரும்போது தூங்கியிருப்பார்.

*

புதன்கிழமை வகுப்பு தொடங்கிக் கால் மணியில் கரன்ட் போயிற்று. பாண்டுரங்கன் வாத்தியார் பத்து நிமிஷம் இருட்டில் கணக்கு நடத்திப் பார்த்துவிட்டு, "போங்கடா, போயி வீட்டுலயாவது படிங்க" என்றார். தர்மதாஸ் நோட்டை எடுத்துக்கொண்டு மில்லுக்கு நடந்தான். கேட்டு எழுத வேண்டும் என்று நேற்று எழுதியிருந்தானே.

ராஜகிரி மலையின் நிழல் அந்த நேரத்தில் ஊரைத் தாண்டிப் போயிருந்தது. வானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். களத்தில் அவித்த நெல்லின் புளித்த வாடை. பகல் வெயிலை வாங்கிய சிமெண்டு இன்னும் கால் பொறுக்காத சூட்டில் இருந்தது. பனி இறங்கத் தொடங்கிவிட்டதால், குமித்து மூட வேண்டிய நெல்லை இப்போதே குமித்தாக வேண்டும். ஈரம் இருந்தால் குமிக்கக் கூடாது, இராத்திரியே புழுங்கி நாறிவிடும்.

பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த மீனம்பாள்தான் முதலில் அவனைப் பார்த்தாள்.

"யாரது, சின்ன நைனாரா? இன்னா, பள்ளிக்கூடத்துல வெரட்டி உட்டாங்களா?"

"கரன்ட் போயிடுச்சிக்கா."

"இங்கியுந்தான் போச்சி. மில்லு நின்னுடுச்சி. எங்க இடுப்பு மட்டும் நிக்கல. பாஷா பாய் அதுக்கொரு சுச்சு வெச்சிருந்தா நல்லாருக்கும்."

வாசுபூஜ்யன் களத்தின் நடுவில் குந்தியிருந்தார். தலையில் கட்ட வேண்டிய துண்டைத் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார். பக்கத்தில் பெரியதம்பி. ஆரணிப் பக்கம் ஒரு மில்லில் இருந்துவிட்டுத் பொங்கலுக்குப் பிறகு இங்கே வந்தவன். அவனும் ஒரு பிடி நெல்லைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணே, குமிக்கலாமா, கெடக்கட்டுமா?" என்றான் பெரியதம்பி.

"இரு."

வாசுபூஜ்யன் துண்டைத் தளர்த்தி ஒரு நெல்லை உள்ளே வைத்தார். கடிக்கும்போது கண் மூடிக்கொண்டது. துப்பினார். இன்னொன்று. துப்பினார். தர்மதாஸ் எண்ணினான். பதினொன்று. முன்பெல்லாம் நாலு கடியில் சொல்லிவிடுவார்.

"குமிக்கலாம்."

பெரியதம்பி தன் கையிலிருந்ததில் ஒன்றைக் கடித்துப் பார்த்தான். "குமிங்கம்மா" என்று பெண்களைப் பார்த்துக் கத்தினான். ஆனால் நடுவில் ஒரு பாத்தியை மட்டும் குமிக்க விடாமல் காலால் பிரித்துத் தனியாகத் தள்ளிவிட்டுப் போனான். வாசுபூஜ்யன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல எழுந்தார்.

"நைனா."

"நீ எங்கடா இங்க?"

"சாப்டுட்டு வாய் கொப்புளிச்சீங்களா?"

"உங்கம்மாதான் சொம்பைக் கையில வெச்சிக்கினு நிக்கறாளே. கொப்புளிச்சேன்."

"இப்போ நெல்லு கடிச்சீங்களே."

"கடிச்சேன். தின்னேனா? துப்பினதப் பாக்கல?"

"துப்பினப்புறம்?"

அவர் மலைப்பக்கம் பார்த்தார். "பொழுது போயிடுச்சேடா. தண்ணி ஏது?"

அவ்வளவுதான். அவர் சாதாரணமாகச் சொன்னார். தர்மதாஸுக்குக் கையிலிருந்த நோட்டு கனத்தது. ஐந்தரைக்கு வாயைச் சுத்தமாகக் கொப்புளித்துவிட்டு, ஆறு மணியிலிருந்து ஏழு வரைக்கும் நெல்லைக் கடித்துக் கடித்துத் துப்பிவிட்டு, அந்த மாவோடும் உமியோடும் அப்படியே படுத்து, மறுநாள் வெயில் வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். பதினோரு இராத்திரி.

"வலிக்குதா நைனா?"

"இல்ல."

"ஐயோ, பொய்யப் பாரு" என்றாள் மீனம்பாள். "நாலு நாளா துண்டு அவுக்கல. நேத்து டீத்தண்ணி வாங்கி வெச்சிக்கினு ஆற வெச்சி ஆற வெச்சிக் கீழ கொட்னாரு. வாய் தொறக்க முடியல. ஊட்டுல சொல்லலியா நைனாரே?"

"உன் வேலையப் பாரு, மீனம்பா."

"நான் பாக்கறேன். நீ உன் மூஞ்சியப் பாரு. பூசணிக்காயாட்டம் இருக்குது."

தர்மதாஸ் துண்டை அவிழ்த்தான். அவர் தடுக்கவில்லை. இடது தாடை காதுவரை வீங்கிப் பளபளத்தது. தொட்ட விரலில் சூடு அடித்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அவரே சொன்னார். பல்லைக் கடித்தபடிதான் பேச முடிந்தது. "திங்கக்கெழமை அரைச்சது பாதி நொய்யிடா. நான் பதம்னு சொன்ன நெல்லு. கேப்புல கடிச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது, வலி மட்டுந்தான் தெரியுது. பாஷா பாய் கோச்சிக்கல. 'நைனார், ஒரு பத்து நாளு ஊட்டுல இருங்களேன்'னாரு. பத்து நாளு இருந்தா பதினோராம் நாளு அந்தக் களத்துல யாரு நிப்பான்னு உனக்கே தெரியும். அதான் சொல்லல. உங்கம்மாகிட்டயும் துண்டு பனிக்குக் கட்டினதுன்னு சொல்லி வெச்சேன்."

*

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனார்கள். டாக்டர் இரண்டு விரலால் வாயைத் திறக்கப் பார்த்து முடியாமல், கட்டையை நுழைத்துத் திறந்தார். கேப்பைக் கழற்றியதும் வந்த நாற்றத்தில் தர்மதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கடிச்சதால போகல இது" என்றார் டாக்டர். "கேப்பு அப்பிடியே இருக்குது பாருங்க, ஒரு கீறல் இல்ல. கடிச்சது உள்ள தங்கி ராத்திரியெல்லாம் அழுகியிருக்குது. நான் சொன்னபடி கொப்புளிச்சீங்களா?"

வாசுபூஜ்யன் வாயில் கட்டையோடு மகனைப் பார்த்தார். தர்மதாஸ் பேசியிருக்கலாம். வாயில் ஒன்றும் இல்லாதவன் அவன்தான். பேசவில்லை.

பல்லைப் பிடுங்கிச் சீழை வடித்தார்கள். டாக்டர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். "செஞ்சியில கம்பவுண்டரை வெச்சி ரெண்டு வேளையும் போட்டுடுங்க, ஏழு நாளு. கஞ்சி, மோரு, எதுவா இருந்தாலும் வயித்துக்குப் போயிக்கினே இருக்கணும். ஆளு ஒடம்புல ரத்தமே இல்ல. வெறும் வயிறாக் கெடந்தா ஊசி மட்டும் காப்பாத்தாது. வீக்கம் கழுத்துக்கு எறங்கிச்சின்னா மூச்ச அடைச்சிடும். வெளையாட்டு இல்ல." கேப்பைக் கழுவி ஒரு காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை கம்பவுண்டர் ஹுசைன் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். லீலாவதி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கஞ்சியில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். வாசுபூஜ்யன் ஸ்பூனால் நாலு வாய் குடித்தார். வீக்கம் குறையவில்லை, ஏறவும் இல்லை. மத்தியானம் மில்லிலிருந்து ஆள் வந்து, பெரியதம்பி களத்தைப் பார்த்துக்கொள்கிறான், நைனார் கவலைப்பட வேண்டாம் என்று பாஷா சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான். வாசுபூஜ்யன் தலையை ஆட்டினார். பிறகு மனைவியையும் மகனையும் கிட்டே கூப்பிட்டார். நாக்கு புரளாமல், வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினார்.

"இருவத்தி ரெண்டு வருஷம். பகவான் முன்னாடி சொல்லிட்டு வந்தவன், பொழுது போனப்புறம் தெனம் நெல்ல வாயில போட்டேன். துப்பினாப் போச்சின்னு எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கினேன். அந்தப் பல்லுலயே வந்துது பாரு. சரியா அந்தப் பல்லுல."

"அப்பிடிலாம் இல்லீங்க" என்றாள் லீலாவதி.

"வண்டிக்காரக் கன்னியப்பங்கிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். காலையில ஏழு மணிக்கு வண்டி கட்டிக்கினு வருவான். சித்தாமூருக்குப் போறேன். பதினஞ்சு நாளு அன்னம் இல்லன்னு பகவான் முன்னாடி சொல்லிட்டு வந்துடறேன். தண்ணி மட்டும்."

"டாக்டரு இன்னா சொன்னாரு? கேட்டுக்கினுதானே இருந்தீங்க?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"அவரு ஒடம்பப் பாத்துச் சொன்னாரு."

லீலாவதி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் ஒருமுறை அங்கே போய்ச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பெண் குழந்தை செத்த வருஷம் அவள் எவ்வளவோ அழுது பார்த்திருக்கிறாள்.

மாலை ஊசி போட்டபிறகு அவர் கண் அயர்ந்தார். கொல்லையில் தண்ணீர்ப் பானையின் வாயில் வடிகட்டும் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள் லீலாவதி. தர்மதாஸ் பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா. நைனா மேல தப்பு இல்ல."

"யாரு மேல?"

அவன் நோட்டைப் பிரித்துக் காட்டினான். பென்சில் வரி, அதன்மேல் கோடு, பக்கத்தில் சிவப்பு மை. அவள் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி இரண்டு வரியையும் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"ராத்திரின்னு டாக்டரு சொன்னாரா?"

"கடைசியா வாயில போனதுக்கு அப்புறம்னாரு. நம்ம ஊட்டுல அஞ்சரைக்கு மேல ஒண்ணும் போகாதேன்னு நானே மாத்திட்டேன். நைனாவுக்குத் தெரியாது. டாக்டரு சொன்னதே அஞ்சரைன்னு நெனச்சிக்கினு இருக்காரு."

அவள் துணியை முடிச்சுப் போட்டு முடித்தாள். குரல் உயரவில்லை.

"ஏண்டா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அந்திக்கப்புறம் அவரு நெல்லு கடிக்கறது எனக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா தெனம் துண்டுல உமி ஒட்டிக்கினு வராரு. நாந்தானே ஒதறிப் போடறேன். படுக்கையில, தலகாணியில எல்லாம் உமி. கேட்டிருந்தா, சாப்பாட்டை அஞ்சரைக்கு வெச்சிட்டு, வெளிச்சத்தோட களத்துல கடிச்சி முடிச்சிடுங்க, பொழுது போறதுக்குள்ள நானே அங்க சொம்பை எடுத்தாறேன்னு சொல்லியிருப்பேன். எத்தினி தூரம்? கூப்புடு தூரம்."

அவனுக்கு அழுகை வந்தது. அந்த ஒரு வழி ஏழு மாத நோட்டில் எங்கும் இல்லை.

"இப்போ போயிச் சொல்லட்டுமா?"

"எழுப்பாத. இப்போதான் தூங்கறாரு. எழுந்தாலும் வாயால சொல்லி நம்ப மாட்டாரு. என் உசுரக் காப்பாத்தப் புள்ள பழிய ஏத்துக்கறான்னுவாரு." அவள் நோட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இதைக் காட்டு. இதுல தேதி போட்டிருக்குதே."

"காட்டினாக் கஞ்சி குடிப்பாரா?"

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றாள் லீலாவதி. "பாவத்துக்குத்தான் பட்டினி கெடப்பாரு. புள்ள பண்ண தப்புக்கு இன்னா பண்ணுவாருன்னு நான் இதுவரைக்கும் பாத்தது இல்ல."

வெளிச்சம் போவதற்குள் அவன் கூடத்தில் உட்கார்ந்தான். மாடத்தில் கேப் மடித்த காகிதம் இருந்தது. அதை எடுத்துப் பிரித்தான். ஒரு கீறலும் இல்லாமல் புதிதாக இருந்தது. திரும்ப மடித்து வைத்தான். நோட்டின் நடுப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் விரலால் பிடித்துக்கொண்டிருந்தான். தைத்த இடத்து ஏடு. சத்தமில்லாமல் உருவிக்கொண்டு வந்துவிடும். உருவிவிட்டால், அந்திக்குப்பின் நெல் கடித்த பாவம் என்று நைனாவே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். யாரும் இவனைக் கேட்கப்போவதில்லை. உள்ளே அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வாயால் இழுத்து, ஒரு கரகரப்போடு வெளியே விட்டார். வலி என்ற கட்டத்தில் நாலு நாள் 'இல்லை' என்று தன் கையெழுத்தில் இருந்ததை அவன் பார்த்தான். விரலை எடுத்துவிட்டு, பேனாவைத் திறந்தான்.

15.2.1963, வெள்ளி.
காலை உப்புத் தண்ணீர்: ஆயிற்று. மாலை உப்புத் தண்ணீர்: பொழுது இருக்கும்போதே, கஞ்சிக்குப் பின், அம்மா கொடுத்தாள். வலி: கேட்கவில்லை. தூங்குகிறார்.
நாளை: வெயில் வந்ததும் வெந்நீர், உப்பு. ஹுசைன் பாயை ஆறரைக்கே வரச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்குக் கன்னியப்பன் வண்டி. அதற்குமுன் நைனாவிடம் இரண்டாம் தேதி எழுதிய இந்த நடுப்பக்கத்தைக் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்க வேண்டும்.